கண்ணில் விழுந்த காளான்



லேவியராகமம் 14ஆம் அதிகாரத்தை வேதவாசிப்பில் வேகமாகக் கடந்துவிடுகிறவர்கள் நம்மில் அநேகர். வீட்டுச் சுவரில் பூசணம் போன்ற கறை கண்டால் வீட்டுக்காரன் ஆசாரியனிடம் போய்ச் சொல்லவேண்டும். ஆசாரியன் வந்து பார்த்து, வீட்டை ஏழு நாள் அடைத்து வைத்து, மறுபடியும் வந்து பார்க்கவேண்டும். பரவியிருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து ஊருக்கு வெளியே போடவேண்டும். அதன் பின்னும் திரும்பி வந்தால் வீட்டையே இடிக்கவேண்டும். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிற எங்களுக்கு இந்த அதிகாரம் அந்நியமாகத் தோன்றுவதில்லை. நாங்களும் பார்த்து, காத்திருந்து, மறுபடியும் பார்த்துத்தான் காளான் கிருமியைக் கண்டுபிடிக்கிறோம்.

அக்காள்மடத்திலிருந்து மீனவச் சகோதரர் ஒருவர் வலது கண்ணைத் துண்டால் மூடிக்கொண்டு எங்களிடம் வந்தார். வேலி அடைக்கும்போது பனையோலை கண்ணில் பட்டிருக்கிறது. அன்று இரவு கரகரவென்று இருந்ததால் வீட்டில் தாய்ப்பால் விட்டார்கள். மூன்றாம் நாள் கடையில் சொல்லி ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டார்கள். சிவப்பும் வலியும் குறைந்ததால் கடலுக்குப் போய்விட்டார். பத்தாம் நாள் கருவிழியின் நடுவே பூ விழுந்ததுபோல வெள்ளையாகப் படர்ந்திருந்தது. கடையில் வாங்கிய மருந்தில் ஸ்டீராய்டு இருந்தது. அது எரிச்சலை அடக்கும். கிருமியோடு போராடும் உடலின் சக்தியையும் சேர்த்து அடக்கிவிடும். நாயைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைத்ததுபோல்தான்.

புண்ணின் ஓரத்தை மெல்லச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். சிக்கிக்கிடக்கும் நைலான் வலை நூலைப்போல் இழைகள் கிளைத்துக் கிடந்தன. சில நாட்களில் வளர்ப்பு ஊடகத்தில் பிறைநிலா வடிவ வித்துக்கள் தெரிந்தன. அது ஃப்யூசேரியம் என்னும் காளான். மண்ணிலும் காய்ந்த ஓலையிலும் பயிரிலும் எங்கும் இருப்பது.

இது அபூர்வமான நோய் என்று நினைத்துவிடாதீர்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994 ஜனவரி முதல் மார்ச் வரை கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரைப் பரிசோதித்தார்கள். கிருமி வளர்ந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் காளான்தான் காரணம். அதில் ஃப்யூசேரியமே முதலிடம்.

பாக்டீரியாவைக் கொல்ல எத்தனையோ மருந்துகள் இருக்க, காளானுக்கு மட்டும் ஏன் இத்தனை பஞ்சம்? பாக்டீரியாவின் உடலமைப்பு நம்முடையதிலிருந்து வெகுதூரம் வேறுபட்டது. அதை மட்டும் அடிக்க இடங்கள் பல உண்டு. காளானோ நமக்குக் கிட்டத்து உறவு. அதன் செல்லும் நம் செல்லும் பெரும்பாலும் ஒரே விதமாக இயங்குகின்றன. அதைக் கொல்லும் நஞ்சு நம்மையும் வாட்டும். வித்தியாசம் உள்ள இடங்கள் சிலவே. நம் செல்லைச் சுற்றிய சவ்வில் கொலஸ்டிரால் இருக்கிறது. காளானின் சவ்வில் எர்கோஸ்டிரால். காளானுக்கு வெளியே ஒரு சுவரும் உண்டு. அந்தச் சுவரில் உள்ள கைட்டின்தான் நம் கரையில் இறால் ஓட்டிலும் நண்டு ஓட்டிலும் இருக்கிறது. இந்த இரண்டு மூன்று இடங்களைக் குறிவைத்தே இன்றுள்ள மருந்துகளில் பெரும்பாலானவை வேலை செய்கின்றன.

அவற்றில் பல மண்ணிலிருந்து வந்தவை. அமெரிக்காவில் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண்மணிகள் இருந்தார்கள். ஒருவர் நியூயார்க் நகரில் மண் மாதிரிகளைச் சோதிப்பார். மற்றவர் ஆல்பனியில் அதிலிருந்து மருந்துப் பொருளைப் பிரிப்பார். மாதிரிகள் தபாலில் போய் வந்தன. வர்ஜீனியாவில் ஒரு நண்பருடைய பண்ணை மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து 1950இல் நிஸ்டாடின் பிறந்தது. அதனால் வந்த உரிமைத்தொகை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல். இருவரும் தங்களுக்கென்று அதில் எதையும் எடுக்கவில்லை. முழுவதும் விஞ்ஞான ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் போயிற்று. காணிக்கை கொடுக்கும் உங்களுக்கு இதைச் சொல்ல எங்களுக்கு ஆசை.

1955இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மாகாணத்து மண்ணிலிருந்து வந்தது நாட்டமைசின். அந்த மாகாணத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பாலாடைக்கட்டியில் பூசணம் பிடிக்காமல் இருக்கவும் இதைப் பூசுகிறார்கள்! கண்ணுக்கு 5 சதவீதச் சொட்டு மருந்தாக வருகிறது. அடியில் படிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்கி விடவேண்டும். ஆழமான புண்ணுக்குள் நன்றாக ஊடுருவாது. அதுவே அதன் குறை.

ஆகையால் புதிதாக வந்த வொரிகோனசோல் மேல் மருத்துவர்கள் அதிக நம்பிக்கை வைத்தார்கள். அது கண்ணுக்குள் நன்றாக ஊடுருவும். எது மேல் என்று அறிய மதுரை, பாண்டிச்சேரி, கோயம்புத்தூர் அரவிந்த் மருத்துவமனைகளும் சான்பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து 2010இல் ஒரு சோதனையைத் தொடங்கின. 323 நோயாளிகள். யாருக்கு எந்த மருந்து என்பதைச் சீட்டுப்போட்டதுபோல் முடிவு செய்தார்கள். 2013இல் முடிவு வெளியானபோது பழைய நாட்டமைசினே வென்றிருந்தது. அந்த மருந்து பெற்றவர்களுக்குப் பார்வை நன்றாக இருந்தது, கருவிழி ஓட்டையானதும் குறைவு. ஃப்யூசேரியத்தில் வித்தியாசம் மிகவும் தெளிவு. இன்னொன்றும் தெரியவந்தது. சோதனை நடந்த காலத்துக்குள்ளேயே வொரிகோனசோலைத் தாங்கும் சக்தி காளான்களில் ஆண்டுக்கு ஆண்டு கூடியிருந்தது. நாட்டமைசினுக்கு அப்படி நேரவில்லை. விலை மலிவான குளோர்ஹெக்சிடினையும் நேபாளத்தில் சோதித்தார்கள். 2022இல் வந்த அந்த முடிவிலும் நாட்டமைசினே மேல். 2017 முதல் இது உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது.

புதிய மருந்து தோற்ற சோதனைக்கு இத்தனை செலவா என்று சிலர் கேட்கக்கூடும். எங்கள் எண்ணத்தில் அது மிகவும் நல்ல செலவு. இல்லாவிட்டால் நாங்களும் விலை அதிகமான மருந்தை எழுதிக்கொடுத்து, ஏழைகள் கண்ணையும் பணத்தையும் இழக்கப் பார்த்துக்கொண்டிருப்போம்.

மருந்தைத் தாங்கிக்கொள்ளும் காளான் தோலிலும் வந்துவிட்டது. முன்பு டெர்பினாஃபின் மாத்திரையில் சில வாரங்களில் மறைந்த படர்தாமரை இப்போது மாதக்கணக்கில் நிற்கிறது. இந்தியாவில் பரவிய இந்த வகைக்கு 2020இல் ட்ரைக்கோஃபைட்டன் இன்டோட்டினியே என்று நம் நாட்டை நினைவூட்டும் பெயரே வைத்தார்கள். 2023இல் நியூயார்க்கிலும் கண்டார்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பை ஆலோசனையின்றிப் பூசுவது இதைப் பரப்பும் காரணங்களில் ஒன்று. பாசி எடுக்கப் போய் நாள் முழுவதும் ஈரச் சேலையோடு நிற்கும் நம் சகோதரிகளுக்கு இது சின்ன நோயல்ல. இரவில் தூக்கமே இல்லை என்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2022இல் அபாயமான 19 காளான்களைப் பட்டியலிட்டது. அமெரிக்கா, ஐரோப்பா, சீனா ஆகிய இடங்களில் அதற்கு முந்திய பத்தாண்டுகளில் அங்கீகாரம் பெற்ற புதிய காளான் மருந்துகள் நான்கே என்று 2025இல் அதே நிறுவனம் அறிவித்தது. தேடுகிறவர்கள் இப்போது கடல் பக்கமும் திரும்பியிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடா கடலில் வாழும் ஒரு சிற்றுயிருக்குள் இருந்த நுண்ணுயிரிலிருந்து டர்பின்மைசின் என்ற பொருளைப் பிரித்தார்கள். பல மருந்துகளுக்கு அடங்காத காண்டிடா ஆரிஸ் என்ற காளானையும் அது எலிகளில் அடக்கியது என்று 2020இல் எழுதினார்கள். மனிதருக்கு மருந்தாக அது இன்னும் வரவில்லை. மன்னார் வளைகுடாவின் கடற்பஞ்சுகளையும் பவளப்பாறைகளையும் தினமும் பார்க்கிற நாங்கள் அந்தச் செய்தியை இரண்டு முறை வாசித்தோம்.

மருந்து வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டியதில்லை. நேபாளத்தில் பக்தபூரிலும், பின்பு மதுரைப் பக்கத்துக் கிராமங்களிலும் ஊர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கண்ணில் கீறல் பட்டவர் உடனே அவர்களிடம் வரவேண்டும். ஒரு நாளைக்கு மூன்று வேளை, மூன்று நாட்கள் குளோரம்பெனிகால் களிம்பு. வந்தவர்களில் ஏறத்தாழ எல்லாருக்கும் புண்ணாகாமலே ஆறியது. களிம்பு காளானைக் கொல்வதில்லை. கீறல் சுத்தமாக ஆறினாலே பெரும்பாலும் போதும் என்று தெரிகிறது.

அந்தச் சகோதரருக்கு முதல் நாட்களில் இரவும் பகலும் மணிக்கொரு முறை நாட்டமைசின் விட்டோம். அவருடைய மனைவி கைக்கடிகாரத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நேரம் தவறாமல் எழுந்தார். புண் ஆறிவிட்டது, தழும்பு நிற்கிறது. வலை ஊசியில் நூல் கோர்க்க இடது கண்ணையே நம்புகிறார். கருவிழி மாற்று சிகிச்சைக்காக மதுரைக்கு எழுதியிருக்கிறோம். அங்கே போகவே 150 கிலோமீட்டருக்கு மேல். போகும் நாளெல்லாம் தொழில் இல்லை. உங்கள் காணிக்கையில் ஒரு பங்கை அந்தப் பயணச் செலவுக்கு ஒதுக்கியிருக்கிறோம். இன்னொரு பங்கில் களிம்பு வாங்கி, அக்காள்மடத்தில் எங்கள் ஊழியச் சகோதரியின் வீட்டில் வைத்திருக்கிறோம். கண்ணில் ஓலையோ முள்ளோ மண்ணோ பட்டால் அன்றைக்கே வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று ஊரில் சொல்லியாயிற்று.