துரித உணவகத்தில் நனிசைவம்

கேள்வி: வேலூர், ஆம்பூர்ப் பகுதித் துரித உணவகங்களில் நனிசைவம் கடைப்பிடிப்பவர் எவற்றை நம்பி உண்ணலாம்? (வாசகர், அணைக்கட்டு)

பதில்: நனிசைவம் என்பது இறைச்சி, முட்டையோடு பால், நெய், தேன் முதலிய விலங்குவழிப் பொருள்கள் அனைத்தையும் விலக்கும் முறை. 1944இல் இங்கிலாந்தில் 'வீகன்' எனப் பெயர்பெற்ற இது தோல் காலணியையும் விலக்குவதால், தோல் பதனிடுதலால் வாழும் இவ்வட்டாரத்தில் தட்டோடு நின்றுவிடும் கேள்வியன்று. பொட்டலத்தின் பச்சைப் புள்ளி சைவத்தையே குறிக்கும். பால் கலந்த பண்டமும் அதைப் பெறுமாதலால், 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி வந்த, 'வி' எழுத்துடைய தனிச் சின்னத்தையே தேட வேண்டும்.

சமைத்துப் பரிமாறும் கடையில் சின்னம் உதவாது; சேர்மானத்தைக் கேட்டறிவதே வழி. இட்லியும் தேங்காய்ச் சட்னியும் இயல்பிலேயே நனிசைவம். சாம்பாரும் அவ்வாறே, மேலே நெய் ஊற்றாதவரை. தோசையை எண்ணெயில் வார்க்கச் சொல்லலாம். வெண்பொங்கல் நெய்யின்றிக் கிடைப்பது அரிது. பரோட்டா மாவில் முட்டையோ பாலோ சேர்வதுண்டு. வெஜ் ஃபிரைடு ரைஸ் பல கடைகளில் முட்டை பொரித்த வாணலியிலேயே புரளும். ஆம்பூர் பிரியாணிக்குத் துணையாக வரும் கத்தரிக்காய்த் தொடுகறி பெரும்பாலும் எண்ணெயும் புளியுமாக அமைவதால், அதை வெறுஞ்சோற்றோடு கேட்டு வாங்கலாம். அருகில் வைக்கப்படும் வெங்காயப் பச்சடியோ தயிரால் ஆனது.