தன்திறன் அறிதலும் தொழில் உயர்வும்

தொழிலில் உயர விரும்பும் அங்கத்தினர் முதற்கண் எண்ணிப் பார்க்க வேண்டுவது தம் கைம்முதலையே. பணம் மாத்திரமே முதல் அன்று. கைப்பழக்கம், கண்ணின் கூர்மை, பொறுமை, பிறரோடு பழகும் பாங்கு ஆகிய யாவும் முதலேயாம். பங்குத் தொகையைப் பேரேட்டில் பதியும் நாம் இம்முதலை எங்கும் பதிவதில்லை. அதனால், "தறியை விட்டால் நமக்கு என்ன தெரியும்?" என மனந்தளர்ந்து வெளியூர்க் கூலிக்குச் செல்வோர் உளர். அவர்கள் இழப்பது பல்லாண்டுப் பயிற்சி. சங்கம் இழப்பது தேர்ந்த ஒரு கை.

தெலங்கானாவைச் சேர்ந்த நெசவாளர் சிந்தகிந்தி மல்லேசம் அவர்களின் வரலாறு ஈண்டு நமக்குப் பாடமாகும். போச்சம்பள்ளிப் பட்டுச் சேலைக்கு நூலைக் கட்டிச் சாயமிடுமுன், அதனை அரைவட்டமாக அமைந்த முளைகளில் சுற்ற வேண்டும். இதற்கு 'ஆசு' என்று பெயர். ஒரு சேலைக்குக் கை சுமார் 9,000 முறை சென்று மீள வேண்டும். நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். பெரும்பாலும் வீட்டுப் பெண்டிரே செய்துவந்த வேலை இது.

தம் அன்னை தோள்வலியால் வருந்துவதைக் கண்ட மல்லேசம், 1992ஆம் ஆண்டில் இதற்கொரு கருவி அமைக்க முற்பட்டார். அவர் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தியவர். ஆயினும் நூலின் போக்கும் கையின் அசைவும் அவருக்கு மனப்பாடம். குறையாயிருந்த இயந்திர அறிவை, ஐதராபாத்தில் வேலை பார்த்துக்கொண்டே பட்டறைகளைக் கண்டு தேடிக்கொண்டார். 1999இல் கருவி நிறைவுற்றது. அன்னையின் பெயரால் 'லட்சுமி ஆசு இயந்திரம்' எனப்பட்ட அது, ஒரு சேலைக்குரிய வேலையை ஒன்றரை மணி நேரத்தில் முடித்தது. 2017இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

இதனின்று நாம் கொள்ளத்தக்கவை மூன்று. தம் திறன் விளங்கிய தொழிலிலேயே அவர் ஊன்றி நின்றார். தெரியாதன அனைத்தையும் கற்க முயலாமல், தம் திறனுக்குத் தடையாயிருந்த குறையை மட்டும் கற்று நீக்கினார். ஏழாண்டுகள் பொறுத்தார்.

நம் திறன் இன்னதென அறிவது எங்ஙனம்? மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் 1999இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் எளிய வழி கூறினார். முக்கியமான முடிவு செய்யும்போது, அதனால் என்ன விளையுமென எதிர்பார்க்கிறோம் என்பதை எழுதி வைத்தல் வேண்டும். ஒன்பது அல்லது பன்னிரண்டு மாதம் சென்றபின் நடந்ததோடு ஒப்பிடல் வேண்டும். கணக்குப் பார்த்துப் பழகிய கூட்டுறவாளருக்கு இது புதிதன்று.

இண்டூரில் மல்பெரி பயிரிடும் ஓர் அங்கத்தினரை எண்ணிக்கொள்வோம். அவருக்கு நிலம் குறைவு, தழையும் குறைவு. ஆனால் அவர் வீட்டில் இளம்புழுக்கள் நோயின்றித் தழைப்பதைக் குறிப்பேடு காட்டுகிறது. முதலிரு பருவங்களில் புழுவுக்குத் தளிர் இலையும், தக்க வெப்பமும் ஈரமும், கண்டிப்பான தூய்மையும் வேண்டும். இவற்றைப் பேணும் கையே அவர் முதல். இரண்டாம் தோலுரிப்பு வரை புழுக்களை வளர்த்து, பிற விவசாயிகளுக்கு விற்பது அவருக்கு ஏற்ற வழியாகலாம். வாங்குவோர் உளரா என்பதை மட்டும் முன்னதாக விசாரித்தல் நன்று.

சங்கத்திற்கும் இதில் கடமையுண்டு. பாவு பிணைப்பதில் வல்லவர் யார், புதிய கரை வகுப்பவர் யார், விற்பனையில் நயமாகப் பேசுபவர் யார் என நிர்வாகக் குழு அறிந்து வேலை பகிர்தல் வேண்டும். ஒருவர் குறையை மற்றொருவர் திறன் ஈடுசெய்வதன்றோ கூட்டுறவு!

பயிற்சி வினாக்கள்:

1. அயலார் உங்களிடம் யோசனை கேட்டு வரும் வேலை எது?
2. அவ்வேலையில் மேலும் உயரத் தடையாயுள்ள குறை எது? அதனை யாரிடம் கற்கலாம்?
3. உங்கள் வீட்டுப் பெண்டிர் செய்யும் எந்த வேலை இன்னும் கணக்கில் ஏறவில்லை?

விடைகளை ஏட்டில் எழுதி, அடுத்த ஆண்டு இதே மாதத்தில் எடுத்துப் பாருங்கள்.