அயல்வீட்டுத் துன்பத்தை யாரிடம் சொல்வது?

கிராம அபிவிருத்தி என்றவுடன் கிணறும் சாலையும் பள்ளிக்கூடமும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் தமக்கு நேரும் தீங்கைத் தாமே எடுத்துரைக்க இயலாத முதியவர், மனநோயுற்றவர், மாற்றுத் திறனாளி ஆகியோரை ஓர் ஊர் எவ்வாறு நடத்துகிறது என்பதும் அவ்வூரின் முன்னேற்றத்தைக் காட்டுவதாகும். இவர்களைக் காக்கச் சட்டங்கள் உள்ளன. எனினும் யாரேனும் ஒருவர் வாய் திறந்தாலன்றி அச்சட்டங்கள் ஒரு வீட்டின் வாயிற்படியைக் கூட மிதிப்பதில்லை. பாபநாசத்தை அடுத்துப் பொதிகை அடிவாரத்தில் உள்ள ஊராட்சிகளில் தெருவிளக்கைப் பற்றி வரும் மனுக்கள் பல. பூட்டிய அறைக்குள் கிடக்கும் மனிதரைப் பற்றி வருபவை அரிது. "அது அவர்கள் குடும்ப விவகாரம், நமக்கேன் வம்பு" என்பதே வழக்கமான மறுமொழி.

இம்மறுமொழியின் விலை யாது என்பதை நம் மாநிலம் ஒருமுறை கண்டது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் (நாங்குநேரிப் பக்கத்து ஏர்வாடி அன்று) மனநோயாளர் விடுதியொன்றின் கொட்டகை தீப்பற்றி 28 பேர் மாண்டனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் அவர்களால் ஓட இயலவில்லை. அச்சங்கிலி இரகசியமன்று; தர்காவுக்கு வந்து சென்றோர் பலரும் கண்டதே. வைத்தியத்தின் ஒரு பகுதி போலும் என்று எண்ணி நடந்தனர். பின்னர் உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து இதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது எனத் தடுக்கிறது. அதன் 101-ஆம் பிரிவை நம் கிராமத்தார் அனைவரும் அறிதல் நலம். மனநோயுற்ற ஒருவரைப் பராமரிக்கும் பொறுப்புடையவரே கொடுமைப்படுத்துகிறார் அல்லது கவனியாது விடுகிறார் என்று நம்பக் காரணமுள்ள எவரும், அவ்வெல்லைக்குரிய காவல் நிலையப் பொறுப்பு அலுவலருக்கு அதனைத் தெரிவித்தல் வேண்டும். "தெரிவிக்கலாம்" என்று சட்டம் கூறவில்லை. "வேண்டும்" என்றே கூறுகிறது. அவ்வலுவலரும் உடனே மாஜிஸ்திரேட்டுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். தெருவில் அலையும் மனநோயாளரைக் காவலர் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். லாக்கப்பில் அடைத்தல் எந்நிலையிலும் ஆகாது.

மாற்றுத் திறனாளிகள் விஷயத்தில், 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு "தெரிவிக்கலாம்" என்றே கூறுகிறது. தெரிவிக்க வேண்டிய இடம் நிர்வாக மாஜிஸ்திரேட். நமக்கு அருகில் வட்டாட்சியர். கொடுமை நடந்து முடிய வேண்டும் என்பதுமில்லை. நிகழக்கூடும் என்ற நிலையிலேயே சொல்லலாம்.

முதியோருக்கு உரியது 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம். அம்பாசமுத்திரம் வட்டத்தார்க்குரிய தீர்ப்பாயம் சேரன்மகாதேவி சார் ஆட்சியரிடம் உள்ளது. மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் விதிக்க அதற்கு அதிகாரமுண்டு. முதியவர் நடமாட இயலாதவராயின் அவர் அனுமதி பெற்ற வேறொருவர் மனுச் செய்யலாம். தீர்ப்பாயம் தானாகவும் விசாரணையைத் தொடங்கலாம். அயலார் தரும் செய்தி பயன்படுவது இவ்விடத்தில்தான்.

ஆடி அமாவாசைக்குக் காரையாற்றுச் சொரிமுத்து ஐயனார் கோவிலுக்கும் பாபநாசம் படித்துறைக்கும் திரளான மக்கள் வருவர். கூட்டம் கலைந்த பின்பு, தாமே வழி சொல்லத் தெரியாத முதியவர் ஒருவர் படிக்கட்டில் அமர்ந்திருந்தால், சோறு கொடுத்துவிட்டுப் போவதோடு நில்லாதீர்கள். பராமரிக்க வேண்டியவரே அவரைக் கைவிடும் நோக்கத்துடன் விட்டுச் சென்றிருப்பின், அது 24-ஆம் பிரிவின்படி மூன்று மாதச் சிறையோ, 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ பெறத்தக்க குற்றம். காவலர் நீதிமன்ற ஆணையை எதிர்பாராமலே நடவடிக்கை எடுக்கலாம்.

நம் ஆற்றுப் பாசனப் பகுதியில் கொடுமை பெரும்பாலும் நிலத்தினின்றே தொடங்குகிறது. ஒரு கோட்டை விதைப்பாடு நன்செய்யை மகன் பேருக்குச் செட்டில்மெண்டு எழுதிய பிறகு தகப்பனார் திண்ணைக்கு வருகிறார். தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதியிருந்தால், அது மீறப்படும்போது பத்திரத்தைச் செல்லாதெனத் தீர்ப்பாயம் அறிவிக்கலாம் என்கிறது 23-ஆம் பிரிவு. நிபந்தனை இருந்ததாக நிறுவப்படாவிடின் இப்பிரிவு பொருந்தாது என 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், முதியோர் நலனைக் கருதி இச்சட்டத்துக்குத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. ஆயினும் வழக்கின் போக்கை நம்பியிராமல், பத்திரத்தில் அந்த ஒரு வரியைச் சேர்த்துக்கொள்வதே விவேகம். பத்திரம் எழுதுவோர் கேளாமலே இதனை எடுத்துச் சொல்வாராயின் பெரும் புண்ணியம்.

இத்தகைய செய்தியைக் கிராம சபையில் எழுந்து முழங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. அன்றிரவே அம்மூதாட்டிக்குச் சோறு நின்றுவிடக் கூடும். அமைதியாக எழுதிக் கொடுத்தலே மேல். கண்டது என்ன, எந்நாளில், எத்தனை முறை, வீடு எங்குள்ளது என்பவை போதும். கேள்விப்பட்டதைக் கண்டதோடு கலக்கலாகாது. எழுத இயலாதவர்க்குத் தொலைபேசி உண்டு. முதியோர் பற்றிக் காலை 8 முதல் இரவு 8 மணி வரை 14567, பெண்களுக்கு 181, மனநல ஆலோசனைக்கு இரவும் பகலும் 14416. இவ்வெண்களை ஊராட்சி அலுவலகச் சுவரிலும் நியாய விலைக் கடையிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க ஒரு டப்பா சாயமே போதும்.