படிவம் தமிழில்தான், ஆனாலும் சனம் தடுமாறுது

கேள்வி: நான் ஜெயபுரத்தில் கொமினிகேசன் கடை வைத்திருக்கிறேன். இணையப் படிவங்கள் தமிழில் இருந்தும் படித்த ஆட்கள்கூட என்னைத்தான் நிரப்பித் தரச் சொல்கிறார்கள். ஏன்?
– வாசகர், ஜெயபுரம்

பதில்: மொழியை மட்டும் மாற்றிவிட்டு, கேள்விகளை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தில் தகப்பன் பெயரையா போடுவது? அடையாள அட்டை பழையதென்றால் 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். 2016இலிருந்து வருவது 12 இலக்கம். ஒன்றை மட்டும் ஏற்கும் கட்டம் மற்றவரை வாசலிலேயே மறித்துவிடும். அதற்குமேல் ‘தவறான உள்ளீடு’ என்று சிவப்பில் ஒரு வரி. எது தவறு, எப்படித் திருத்துவது என்ற பேச்சே இல்லை. உறுதிப்படுத்த அனுப்பும் இரகசிய இலக்கமோ (OTP) கொழும்பில் நிற்கும் மகனின் போனுக்குப் போகும். அவன் எடுத்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும்.

இதற்கு மாறாக, 2022இல் இலங்கையில் எரிபொருள் பங்கீட்டுக்கு வந்த கியூஆர் அட்டையைப் பாருங்கள். பதிவதில் சிக்கல் இருந்தது உண்மை. ஆனால் பதிந்த பிறகு ஒரு தாளில் அச்சடித்து வைத்திருந்தாலே போதுமாக இருந்தது; ஸ்கேன் பண்ணுவது எண்ணெய் நிலையத்துக்காரர் வேலையாக இருந்தது. நல்ல வடிவமைப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

சனம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று ஒரு கொப்பியில் குறித்து, அந்தந்தத் திணைக்களத்துக்கு அனுப்புங்கள்.