எழுத்துருவைக் கடைசியில் கொடு

அன்புள்ள பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தமிழ்த் தினப் போட்டிக்கு ஏழெட்டுப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து ஒத்திகையைத் தொடங்குவதா, இல்லை வகுப்பில் உள்ள 40 பேரையும் வைத்துக்கொண்டு அரங்க விளையாட்டுகளோடு தவணையைத் தொடங்குவதா என்று கேட்டிருக்கிறாய். முடிவு உன்னுடையது, வகுப்பறையில் நிற்பவள் நீ. ஆனால் கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப் போகிறது, இரவில் நித்திரையும் இல்லை என்று நடுவில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அதை வாசித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நாடக எழுத்துருவைக் கையில் எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் போகிற எந்த ஆசிரியருக்கும் தொண்டை அடைக்கத்தான் செய்யும். வசனம் முதலில் வந்துவிட்டால், அதைச் சரியாகச் சொல்ல வைப்பதே ஆசிரியரின் முழு வேலையாகிவிடுகிறது. உரத்த குரல் உள்ள பிள்ளைக்கு அரசன் வேடம், பாடமாக்கத் தெரிந்த பிள்ளைக்கு மந்திரி வேடம், மிச்சப் பேர் மரமாக நிற்க வேண்டும், திரை இழுக்க வேண்டும். உன் அம்மாவையும் அப்படித்தான் நிறுத்தினார்கள் என்பது உனக்குத் தெரியும். அதன் பிறகு அவள் எந்த மேடையிலும் ஏறவில்லை. அதை இங்கே கிளறப் போவதில்லை.

நீ கேட்ட அரங்க விளையாட்டுகளில் வயோலா ஸ்போலினின் முறையைப் பயிற்சியில் படித்திருப்பாய். அவர் 1930களின் கடைசியில் சிக்காகோவில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளோடு வேலை செய்தபோதுதான் தன் விளையாட்டுகளை வகுக்கத் தொடங்கினார். 1963இல் அவை நூலாக வந்தன. வெவ்வேறு மொழியும் பழக்கவழக்கமும் கொண்ட பிள்ளைகளுக்கு விரிவுரை உதவவில்லை, விளையாட்டு உதவியது. காரணம் எளிது. ஒவ்வொரு விளையாட்டிலும் கவனம் வைக்க ஒரேயொரு காரியம் இருக்கிறது. இல்லாத கயிற்றை இரண்டு பக்கமும் நின்று இழுக்கச் சொன்னால், கயிறு நீளவும் கூடாது, அறவும் கூடாது என்பதே அவர்களின் முழுச் சிந்தனையாகிவிடும். என்னை யார் பார்க்கிறார்கள் என்ற கூச்சத்துக்கு அங்கே இடமில்லை. எதிரே நிற்பவன் கொஞ்சம் இளக்கினால் இவன் உடம்பு பின்னே போக வேண்டும். நாடகத்தில் மற்றவனைக் கவனித்து அதற்கேற்ப நடப்பது என்ற முழுப் பாடமும் அந்த இல்லாத கயிற்றில் இருக்கிறது. ஆசிரியர் ஓரத்தில் நின்று “கயிற்றைப் பார்” என்று மட்டும் சொன்னால் போதும். நன்று, பிழை என்ற தீர்ப்பு வேண்டாம் என்பதில் ஸ்போலின் உறுதியாக இருந்தார். பாராட்டுக்காக நடிக்கப் பழகிய பிள்ளை, பாராட்டு நின்றதும் நடிப்பையும் நிறுத்திவிடும்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் முறை, நம்முடையது மனனமும் குருபக்தியும் என்று உன் பள்ளியில் யாராவது சொல்லக்கூடும். மட்டக்களப்புக் கூத்தைப் பார்க்கச் சொல். அவரவர் பாத்திரத்தைக் கொடுக்கும் நாளிலிருந்து சதங்கை அணியும் நாள் வரை ஊர் நடுவே மாதக்கணக்கில் பழகுகிறார்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் தாளக்கட்டைச் சொல்ல, கால் அதைப் பிடித்துக்கொள்கிறது. ஆடுபவருக்குப் பக்கப்பாட்டுக்காரர் துணை நிற்கிறார்கள். பாட்டும் வசனமும் ஆட்டத்தோடு சேர்ந்தே உடம்பில் இறங்குகின்றன, தாளைப் பார்த்து ஒப்புவிக்கும் படிப்பு அது இல்லை. யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியும் களப்பயிற்சியைத்தான் முன்னால் வைத்தது. நம் மரபுக்கு எதிரானது எதையும் நான் உன்னைச் செய்யச் சொல்லவில்லை.

சத்தம் வரும், பக்கத்து வகுப்பு முறைப்பாடு செய்யும் என்பது நியாயமான பயம். அதனால் ஓட்டத்தில் தொடங்காதே, கண்ணாடியில் தொடங்கு. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஒருவர் மெல்ல அசைய மற்றவர் அப்படியே செய்ய வேண்டும். பிறகு ஆள் மாற வேண்டும். கடைசியில் யார் நடத்துகிறார் என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இருவரும் ஒன்றாக அசைய வேண்டும். பேச்சே வேண்டியதில்லை. நேரமில்லை என்பதும் உண்மைதான். ஆனால் 40 நிமிடப் பாடத்தில் முதல் 15 நிமிடத்தை இதற்குக் கொடுத்தால், ஒத்திகையில் “அவனைப் பார்த்துப் பேசு” என்று நூறு தடவை சொல்வது மிச்சமாகும். சாதாரண தரச் செய்முறைப் பரீட்சைக்கும் இது உதவுமே தவிர இடைஞ்சல் செய்யாது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அகஸ்டோ போவாலின் உருவ அரங்கை, அதாவது உடம்புகளைச் சிலைபோல வைத்து ஒரு நிலைமையைக் காட்டும் பயிற்சியை, நீ நிச்சயம் செய்து பார்ப்பாய். பெருவில் 1973இல் எழுத்தறிவு இயக்கத்தில், தாய்மொழி வேறுவேறான மக்களோடு அவர் செய்த வேலையிலிருந்து வளர்ந்த முறை அது, பலமான கருவி. ஆனால் “உங்கள் வீட்டில் நடந்ததைச் செய்து காட்டு” என்று மட்டும் கேட்டுவிடாதே. உன் பிள்ளைகளின் வீடுகளில் என்னென்ன நடந்திருக்கிறது என்று நமக்கு நன்றாகத் தெரியும். சந்தை, பேருந்து நிலையம், கோயில் வீதி என்று பொது இடங்களைக் கொடு. துயரம் தானாக வந்தால் வரட்டும், நீ போய்த் தோண்டாதே. கற்பனைப் பாத்திரம் பிள்ளைக்கு ஒரு மறைப்பு. அதை இழுத்து எடுக்க ஆசிரியருக்கு உரிமை கிடையாது.

போட்டியைக் கைவிடச் சொல்லவில்லை. 40 பேரும் விளையாடிச் சேர்த்த காட்சிகளிலிருந்து எழுத்துரு பிறக்கட்டும், அதிலிருந்து போட்டிக்குப் போகிறவர்கள் போகட்டும். பரிசு கிடைக்காமலும் போகலாம். அதிபர் முகம் சுளித்தால் இந்தக் கடிதத்தைக் காட்டினாலும் எனக்குச் சம்மதம்.

நிறையச் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நீ நல்ல ஆசிரியை. எங்கள் வீட்டில் உன்னளவு பொறுமை யாருக்கும் கிடையாது, பிள்ளைகள் உன்னிடம் ஒட்டிக்கொள்வதே அதற்குச் சாட்சி. நீ எந்த வழியை எடுத்தாலும் நாங்கள் எல்லோரும் உன் பக்கம்தான். இஞ்சி போட்டுச் சுடுதண்ணீர் குடி, நேரத்துக்குச் சாப்பிடு, விடுமுறைக்குக் கட்டாயம் இங்கே வந்து பத்து நாளாவது நில்.

அன்புடன்,
பெரியம்மா