நெற்களஞ்சியப் பூனையின் உணவு: சோற்றிலிருந்து பச்சை இறைச்சிக்கும் எலும்புக்கும் மாற்றும் முறை



அறுவடை முடிந்து நெல் வீடு வந்து சேர்ந்த பின்னரும் கமக்காரனுடைய கவலை தீர்வதில்லை. எலி நெல்லைத் தின்பதோடு நில்லாது, சாக்கைக் கடித்துச் சிந்தச் செய்கின்றது. எச்சத்தாலும் சிறுநீராலும் எஞ்சிய நெல்லையும் கெடுக்கின்றது. எலிக்காய்ச்சலைப் பரப்புவதும் அதுவே. ஆகையால் நெல் வைக்கும் வீடுகளில் பூனை வளர்ப்பது நம்மிடையே தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். ஆனால் அப்பூனைக்கு நாம் என்ன உணவு கொடுக்கின்றோம் என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கமக்காரர் தமது பூனை சோம்பேறியாகிவிட்டது என்று என்னிடம் முறையிட்டார். இரண்டு ஆண்டுகளாக அது களஞ்சிய அறையிலேயே வாழ்ந்தது. முதலில் நாள்தோறும் எலி பிடித்தது, எலிகள் ஒழிந்தன. அதன் பின்னர் சோறும் பசுப்பாலுமே அதற்கு உணவு. இப்பொழுது புதிய எலிகள் வந்தும் அது அசைவதில்லை என்றார். நான் சென்று பார்த்தபோது அப்பூனை நடந்து வந்து நெற்சாக்கிலே முட்டிக்கொண்டது. நண்பகல் வெளிச்சத்திலும் அதன் கண்மணிகள் அகல விரிந்தே இருந்தன. அது சோம்பேறியன்று, குருடாகிவிட்டது. தன் வேலையைச் செவ்வனே முடித்த பூனைக்குக் கிடைத்த கூலி அதுவாயிற்று.

சோறு ஏன் போதாது?

மாடும் ஆடும் புல்லைத் தின்று வாழப் பிறந்தவை. நாய் இறைச்சியையும் சோற்றையும் செரித்துக்கொள்ளும். பூனையோ இறைச்சியை உண்டு வாழ்வதற்கே அமைந்த உடலையுடையது. அதன் கண்ணுக்கும் இருதயத்துக்கும் தோரீன் என்னும் பொருள் இன்றியமையாதது. நமது உடல் இதனைத் தானே ஆக்கிக்கொள்ளும். பூனையின் உடல் போதிய அளவு ஆக்கமாட்டாது. நெல், பருப்பு, மரக்கறி ஆகியவற்றில் தோரீன் இல்லை. பசுப்பாலில் மிகக் குறைவு. தோரீன் குறைந்தால் பூனையின் விழித்திரை கெடும் என்பதை 1975ஆம் ஆண்டிலும், இருதயத் தசை தளர்ந்துபோகும் என்பதை 1987ஆம் ஆண்டிலும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் நிறுவினர். தளர்ந்த இருதயம் தக்க உணவினால் பெரும்பாலும் தேறும். கெட்ட விழித்திரை மீளாது.

மேலும், கரட்டிலும் கீரையிலும் உள்ள மஞ்சட்பொருளைப் பூனை விற்றமின் ஏயாக மாற்றமாட்டாது. அதனையும் ஈரலிலிருந்தே பெறவேண்டும்.

அவ்வாறாயின் சோறு தின்னும் பூனைகள் பல நலமாக இருப்பது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். அவை எலி பிடிப்பதனாலேயே நலமாக இருக்கின்றன. தசை, இருதயம், ஈரல், எலும்பு, இரத்தம் ஆகிய யாவும் அடங்கிய ஓர் எலியே பூனைக்கு முழு உணவாகும். எலி குறைந்தவிடத்து, அந்த உணவுக்கு ஈடானதை நாம் கொடுத்தல் வேண்டும்.

எதைக் கொடுக்கலாம்?

கோழிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் கழுத்து, இறக்கை நுனி, இருதயம், இரைப்பை ஆகியன போதும். இருதயத்தில் தோரீன் மிகுதியாக உண்டு. மொத்த உணவில் எலும்பு பத்திலொரு பங்கும், ஈரல் இருபதிலொரு பங்கும் இருந்தாற் போதும். ஈரலை மலிவென்று நாள்தோறும் நிறையக் கொடுத்தால் விற்றமின் ஏ மிகையாகிக் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எலும்பில்லாத இறைச்சியை மட்டும் கொடுத்தாலோ கல்சியம் குறையும். குட்டிகளின் எலும்பு மென்மையாகி எளிதில் முறியும்.

நன்கு வளர்ந்த பூனைக்கு நாளொன்றுக்கு அதன் நிறையில் நூற்றுக்கு 3 முதல் 4 பங்கு உணவு வேண்டும். 3 கிலோகிராம் நிறையுள்ள பூனைக்கு 90 முதல் 120 கிராம் ஆகும். குட்டிக்கும், சினையுற்ற அல்லது பால் கொடுக்கும் பூனைக்கும் இதனிலும் கூடுதலாக வேண்டும்.

மாற்றும் முறை

இங்கே எனது பிழையொன்றைச் சொல்லுதல் வேண்டும். மேற்கூறிய பூனையைக் கண்ட பின்னர், வேறொரு வீட்டாரிடம், சோற்றை அன்றே நிறுத்திப் பச்சை இறைச்சியை வைக்குமாறு கூறினேன். பசித்தால் தின்னும் என்றேன். அது தின்னவில்லை. நான்காம் நாள் அதன் காதின் உட்புறம் மஞ்சளாயிருந்தது. மிருக வைத்தியர் பல நாள் குழாய் மூலம் உணவூட்டியே அதனைக் காப்பாற்றினார். பூனை சில நாட்கள் உண்ணாதிருந்தால் உடற்கொழுப்பு ஈரலிற் சேர்ந்து ஈரலைக் கெடுத்துவிடும். கொழுத்த பூனைக்கு இந்த ஆபத்து அதிகம். குட்டிப் பருவத்திற் பழகிய உணவையே பூனை உணவென்று அறியும். ஆகையால் பட்டினி போட்டுப் பழக்குதல் கூடாது. பின்வருமாறு படிப்படியாக மாற்றுக.

முதல் வாரம்: சோற்றை நிறுத்தவேண்டாம். கறிச்சாறு ஊற்றுவதை மட்டும் நிறுத்துக. வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். நாள் முழுவதும் உணவை வைத்திராது, காலையும் மாலையும் மட்டும் வைக்குக. சோற்றில் ஒரு தேக்கரண்டி அவித்த கோழியிறைச்சியை நறுக்கி, அவித்த நீருடன் பிசைந்து கொடுக்குக. தோரீன் அந்நீரிற் கரைந்து விடுமாதலால் அதனை ஊற்றிவிடலாகாது.

இரண்டாம் வாரம்: இறைச்சியை நாள்தோறும் சிறிது கூட்டிச் சோற்றைக் குறைக்குக. வார இறுதியில் இரண்டும் சம அளவாக இருக்கலாம். மலம் இளகினால் கூட்டாது, இரண்டு மூன்று நாள் அதே அளவில் நிறுத்துக.

மூன்றாம் வாரம்: அவித்த இறைச்சியுடன் பச்சை இறைச்சியையும் இருதயத்தையும் பொடியாக நறுக்கிச் சிறிது சிறிதாகச் சேர்க்குக. எலியின் உடற்சூடே பூனைக்குப் பழகிய சூடாகும். குளிர்ந்த இறைச்சியை மூடிய பாத்திரத்திலிட்டு வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கினால் மணம் எழும். பூனை விரும்பித் தின்னும்.

நான்காம் வாரம்: கோழிக்கழுத்தைக் கத்தியின் பின்புறத்தால் நசுக்கி நறுக்கிக் கொடுக்குக. பின்னர் பெருந்துண்டுகளாகவும், பழகிய பின் முழுதாகவும் கொடுக்கலாம். தொடக்கத்தில் அது உண்ணும்பொழுது அருகில் நின்று கவனிக்குக.

குட்டிகள் ஒரு வாரத்திலும் பழகிவிடும். முதிர்ந்த பூனைக்கு இரண்டு மூன்று மாதங்கள் செல்லலாம். எந்தப் படியிலேனும் ஒரு நாள் முழுவதும் உண்ணாதுவிட்டால், முந்திய படிக்குத் திரும்பிச் செல்லுக. இரண்டாம் நாளும் உண்ணாவிடின் மிருக வைத்தியரிடம் காட்டுக.

எலும்பின் அளவை மலத்தைக் கொண்டு அறியலாம். வெளுத்து இறுகி உதிர்ந்தால் எலும்பு அதிகம். கறுத்து இளகினால் எலும்பு குறைவு, அல்லது ஈரல் அதிகம்.

பச்சையிறைச்சியை உண்ண மறுக்கும் பூனைக்கு அவித்ததையே அதன் நீருடன் தொடர்ந்து கொடுக்கலாம். எலும்புக்குப் பதிலாக, காயவைத்து மாவாக அரைத்த முட்டைக்கோதை அரைக் கிலோகிராம் இறைச்சிக்கு அரைத் தேக்கரண்டி வீதம் கலந்துகொள்க. புலால் சேர்க்காத வீட்டினர், தோரீன் சேர்த்துப் பூனைக்கெனச் செய்யப்பட்ட உணவை வாங்கி, களஞ்சியத்தருகே தனிப் பாத்திரத்தில் வைக்கலாம். இன்றியமையாதது இறைச்சியிலுள்ள சத்தேயன்றி, அதன் பச்சைத்தன்மையன்று.

கொடுக்கக் கூடாதவை

வெந்த கோழியெலும்பு கூரிய சிம்புகளாகப் பிளந்து குடலைக் குத்தும். பச்சையெலும்பையே கொடுக்குக, கறியில் வெந்த எலும்பைக் கொடுக்கற்க. மீனுக்கோ இதற்கு மாறான விதி. சூடை, சாளை, நெத்தலி முதலிய மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து தின்றால் விற்றமின் பி1 அழிந்து, பூனை தள்ளாடித் தலை தொங்கி வலிப்புறும். அவித்தால் இத்தீங்கு இல்லை. உப்புக் கருவாடு ஆகாது. பசுப்பால் பல பூனைகளுக்கு வயிற்றோட்டத்தை உண்டாக்கும்.

நோயுற்ற கோழியையோ தானாக இறந்த கோழியையோ ஒருபோதும் கொடுக்கற்க. 2023ஆம் ஆண்டில் போலந்து நாட்டிற் பல பூனைகள் பறவைக்காய்ச்சலால் இறந்தன. எலிநஞ்சு வைத்த இடத்திற் பூனையை விடற்க. நஞ்சுண்ட எலியைத் தின்னும் பூனையும் மடியும்.

வீட்டாரும் தோட்டமும்

பச்சையிறைச்சியை வெட்டிய பலகையையும் கத்தியையும் கைகளையும் சவர்க்காரமிட்டுக் கழுவுக. அப்பலகையிற் சம்பல் வெங்காயம் அரியலாகாது. அரை மணி நேரத்தில் உண்ணாததை அகற்றிப் புதைத்துவிடுக.

எலியையோ பச்சையிறைச்சியையோ தின்னும் பூனையின் மலத்தில் தொட்சோபிளாசுமா என்னும் ஒட்டுண்ணி வெளிப்படக்கூடும். கருவுற்ற பெண்ணுக்கு இது புதிதாகத் தொற்றினால் கருச்சிதைவோ பிள்ளைக்குக் கண்பார்வைக் கேடோ நேரலாம். மலத்திலுள்ள கிருமி தொற்றும் நிலையை அடைய ஒன்று முதல் ஐந்து நாள் வரை செல்லும். ஆகையால் களஞ்சியத்தருகே மணற்பெட்டி வைத்து, அதனை நாள்தோறும் சுத்தஞ் செய்க. கருவுற்றோர் அவ்வேலையைச் செய்தல் கூடாது. புதிதாகக் கொத்திய மரக்கறிப் பாத்தியிற் பூனை மலங்கழிக்க விரும்புமாதலால் முட்கிளை பரப்பி அதனைத் தடுக்குக. தோட்டவேலையிற் கையுறை அணிக. கீரையையும் கரட்டையும் நன்கு கழுவிய பின்னரே உண்க.

நல்லுணவு பெற்ற பூனை வேட்டையாடுமா?

பட்டினி கிடந்தாற்றான் பூனை எலி பிடிக்கும் என்பது தவறு. வேட்டையார்வம் பசியை மட்டும் பொறுத்ததன்று. எனினும் உண்மையை மறைத்தல் கூடாது. 2021ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளியான ஆய்வொன்றில், இறைச்சி மிகுந்த உணவு பெற்ற பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை மூன்றிலொரு பங்குக்குச் சற்று அதிகமாகக் குறைந்தது. அவ்வாறு குறைந்தாலும், கண்ணுள்ள பூனை பிடிப்பதைக் குருட்டுப் பூனை பிடிக்கமாட்டாது. பூனையை மட்டும் நம்பாது, சாக்குகளை நிலத்திலிருந்து உயர்த்தி அடுக்குக; துவாரங்களை அடைக்குக; களஞ்சியக் கால்களுக்குத் தகரத் தடை இடுக.

சுருக்கம்

பூனைக்குச் சோறு மட்டும் கொடுத்தால் கண் கெடும். நான்கு வாரங்களிற் படிப்படியாக மாற்றுக. ஒரு நாளுக்கு மேற் பட்டினி போடற்க. எலும்பைப் பச்சையாகவும் மீனை அவித்தும் கொடுக்குக. மணற்பெட்டியை நாள்தோறும் சுத்தஞ் செய்க. இன்று மாலையே உங்கள் பூனையின் கண்களை வெளிச்சத்திற் பாருங்கள். கண்மணி சுருங்காவிடின் தாமதியாது மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். இழந்த பார்வை திரும்பாவிடினும், எஞ்சியதைக் காக்க வழியுண்டு.