கடைப் பூனைக்கு உண்ணும் இடம்

கேமரன் மலையில் கடை நடத்தும் நம்மவர்களுக்கு அரிசி மூட்டையை எங்கே அடுக்குவது, உப்பை எங்கே வைப்பது, பருப்பு பூசணம் பிடிக்காமல் எப்படிக் காப்பது என்பதெல்லாம் கைவந்த பாடம். அந்த மூட்டைகளுக்கு இராக்காவல் இருக்கும் பூனைக்குச் சோற்றுத் தட்டை எங்கே வைப்பது என்று கேட்டால் மட்டும், "ஏதாவது ஒரு மூலையில்" என்று சொல்லிவிடுவோம். இக்கட்டுரை அந்த மூலையைப் பற்றியதே. நேயர்கள் நகைக்கக் கூடும். நாமும் ஒரு காலத்தில் நகைத்தவர்கள்தாம். ஒரு பூனையை இழந்த பிறகே இதைக் கற்றுக்கொண்டோம்.

தோட்டத்துப் பாதையில் இருந்த நம் கடையில் சாம்பல் வரிப் பூனை ஒன்று மூன்று ஆண்டு வளர்ந்தது. அதற்கு அடுப்படிச் சுவரோரம் தட்டு வைப்பது வழக்கம். அந்த இடத்தில் எண்ணெய் டின்களை அடுக்க வேண்டி வந்தபோது, தட்டைப் பின்கதவுக்கும் ஐஸ் பெட்டிக்கும் நடுவில் தள்ளி வைத்தோம். கதவிடுக்கு வழியே பனிக்காற்று நேராக வந்து தாக்கும் இடம் அது. ஐஸ் பெட்டியின் இயந்திரமோ சொல்லாமல் கொள்ளாமல் உறுமத் தொடங்கும். பூனை வரும், இரண்டு வாய் தின்னும், உறுமல் கேட்டதும் பின்வாங்கி ஓடும். "தின்று கொழுத்த திமிர்" என்று நாம் சொன்னோம். ஒரு வாரத்திற்குள் அது பாதையைக் கடந்து, காய்கறி லாரிகள் நிற்கும் இடத்தில் எச்சில் தேடத் தொடங்கியது. ஒரு நாள் விடியற்காலை, பனிமூட்டத்தில், லாரிச் சக்கரத்தில் அகப்பட்டு மாண்டது. லாரிக்காரர் மீது பிழை இல்லை. தட்டை நகர்த்தியவர்கள் நாம்.

பூனையின் பூர்வீகத்தை அறிந்தால் அதன் நடத்தை விளங்கும். இன்று வீடுகளில் வாழும் பூனை ஆப்பிரிக்கக் காட்டுப் பூனையின் வழிவந்தது. மேற்காசியாவில் உழவு தோன்றித் தானியம் குவிந்த காலத்தில், தானியத்தை நாடி எலி வந்தது. எலியை நாடிப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதப் புதைகுழி ஒன்றின் அருகே பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் 2004இல் அறிவித்தார்கள். கிட்டங்கி என்று ஒன்று உண்டான நாள் முதலே பூனை நம் தொழிலில் பங்காளி என்று சொன்னால் மிகையன்று.

அந்தக் காட்டுப் பூனை வறண்ட நிலத்துப் பிராணி. அது தனித்து வேட்டையாடும். எலி போன்ற சிறிய இரையை ஒரு நாளில் பல தடவை தின்னும். தன்னைவிடப் பெரிய விலங்குக்குத் தானே இரையாகவும் கூடும். ஆகவே தின்னும்போதும் அதன் காதும் கண்ணும் ஓயமாட்டா. நம் கடைப் பூனை எத்தனை தலைமுறை பெட்டியடியில் உறங்கினாலும் இந்த இயல்பு அதை விட்டுப் போகவில்லை. முதுகுப் புறம் ஆள் நடக்கும் இடத்தில் தட்டை வைத்தால் அது நிம்மதியாகத் தின்னாது. பின்னால் சுவர், எதிரே வாசல் தெரியும் பார்வை, பக்கத்தில் ஓடித் தப்ப ஒரு வழி: இம்மூன்றும் அமைந்த இடமே அதற்கு விருந்துக் கூடம். மூலை மோசம் என்பதும் இதனாலேயே. மூலைக்குள் முகத்தை நுழைத்துத் தின்னும் பூனைக்கு நம் காலடியைத் தவிர வேறு எதுவும் தெரிவதில்லை.

இனி இம்மலைக்கே உரிய செய்தி. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கியதற்கு இங்குள்ள குளிரும் மழையும் காரணம். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. பகலில் இதமாயிருந்தாலும் இரவில் வெப்பம் 15 பாகை சென்டிகிரேடு அளவுக்கு இறங்கிவிடும். தேயிலைக்கு உகந்த இந்தக் குளிர் பூனைக்கு உகந்ததன்று. உடற்சூட்டைக் காக்கத் தனியே சக்தி செலவழிக்காமல் பூனை சுகமாயிருக்க ஏறத்தாழ 30 பாகைக்கு மேல் வேண்டும். ஆகவேதான் அது அடுப்பங்கரையையும் நம் மடியையும் தேடுகிறது. ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் வரை, சிமெண்டுத் தரையில் வைத்த தட்டு இரவில் சில்லிட்டுப் போகும். தட்டின் கீழே ஒரு பலகையோ மடித்த சாக்கோ போடுவது நன்று.

உணவின் சூடும் அவ்வாறே. எலியும் குருவியும் உடற்சூட்டோடு உண்ணப்படுபவை. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீனை அப்படியே வைத்தால் வாசனை எழும்பாது; பூனை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். வெந்நீர்க் கிண்ணத்தில் கொஞ்ச நேரம் வைத்து, கைச்சூடு வந்தபின் கொடுத்தால் அதே மீனைத் தின்னும். முள் நீக்கிக் கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பால் வைப்பது நம்மிடையே வழக்கம்; வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிப்பதில்லை, வயிற்றுப் போக்கே மிச்சம்.

தண்ணீரைத் தட்டின் அருகிலேயே வைக்காமல் சற்றுத் தள்ளி வைக்கலாம்; பல பூனைகள் அப்படியிருந்தால் கூடுதலாகக் குடிக்கின்றன. மணற்பெட்டி வேறொரு அறையிலேயே இருக்கட்டும். மலங்கழிக்கும் இடத்தருகே தின்னப் பூனை கூசும். பாத்திரம் அகன்று ஆழமில்லாத பீங்கான் தட்டாகவோ எவர்சில்வர் தட்டாகவோ இருப்பது உத்தமம். பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்து அழுக்கு தங்கும். எறும்பு மொய்த்தால் பெரிய தட்டில் நீர் ஊற்றி அதன் நடுவே சோற்றுத் தட்டை வைத்துவிடலாம். எறும்புப் பொடி தூவ வேண்டாம். இரண்டு பூனைகள் இருந்தால் இரண்டு தட்டுகள், ஒன்றின் கண்ணுக்கு மற்றொன்று படாத தூரத்தில். இல்லாவிடில் வலியது தின்னும், மெலியது காத்திருக்கும். சண்டை இல்லையே என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். வாசற்படிக்கு வெளியே வைப்பதையும் தவிர்க்க வேண்டும். நாயும் குரங்கும் வந்து தின்னும். பூனை பாதைக்குத் துரத்தப்படும்.

சோறு போட்டால் பூனை எலி பிடிக்காது என்று கடைக்காரர் பலர் நம்புகிறார்கள். இது பிழை. 1953இல் சார்ல்ஸ் எல்ட்டன் என்னும் விலங்கியலறிஞர் இங்கிலாந்துப் பண்ணைகளைப் பற்றி எழுதிய கட்டுரை இங்கே பயன்படும். உணவு கொடுத்து இடத்தோடு இருத்தி வைத்த பூனைகளே, எலி நீக்கப்பட்ட கட்டடங்களில் எலி மீண்டும் புகாமல் தடுத்தன என்று அவர் கண்டார். பெருகிவிட்ட எலிக் கூட்டத்தைப் பூனை மட்டும் ஒழித்துவிடாது என்பதும் அவர் கண்டதே. பட்டினிப் பூனை எலிக்காகக் கடையில் காத்திராது. உணவு கிடைக்கும் இடத்திற்குப் போய்விடும். வேட்டைக் குணம் பசியினால் மட்டும் வருவதன்று.

ஆனால் ஒன்று. இராமுழுதும் தட்டை நிரப்பி வைப்பது எலிக்கு விருந்து வைப்பதேயாகும். பகலில் நாலைந்து தடவை கொஞ்சங் கொஞ்சமாக வைத்து, கடையடைத்த பின் கடைசித் தட்டைக் கொடுத்து, அரை மணியில் எடுத்துக் கழுவிவிடுவதே சரி. மலையின் ஈரக்காற்றில் உலர் தீனியும் சீக்கிரம் நமத்துப் பூசணம் பிடிக்கும். மூடியுள்ள டின்னில் வைக்க வேண்டும். எலி மருந்து வைத்துள்ள கடையில் பூனை வேண்டாம், அல்லது பூனையுள்ள கடையில் எலி மருந்து வேண்டாம். மருந்துண்ட எலியைத் தின்ற பூனையும் சாகக்கூடும். பூ விற்பனை செய்வோருக்கு இன்னொரு எச்சரிக்கை: லில்லிப் பூ வாளிக்கு அருகே தட்டு கூடவே கூடாது. அதன் இலையோ மகரந்தமோ சிறிது உட்சென்றாலும் பூனையின் சிறுநீரகம் கெட்டுவிடும். மேலே ஒட்டிய தூளை நக்கினாலே போதும்.

தட்டின் இடத்தை மாற்றத்தான் வேண்டுமென்றால் ஒரே நாளில் மாற்றாமல், நாளுக்கு ஒரு முழமாக நகர்த்துங்கள். பூனை உண்ண மறுத்தால் "பசித்தால் தின்னும்" என்று விட்டுவிடவும் கூடாது. இரண்டு மூன்று நாள் முற்றும் உண்ணாத பூனைக்கு, அதிலும் பருத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பேறி உயிருக்கே ஆபத்து நேரும். நோன்பு மாதத்தில் நம் வேளைகள் மாறுகின்றன; பூனையின் வேளை மாற வேண்டியதில்லை. ஸஹர் மிச்சத்தையும் நோன்பு திறந்த மிச்சத்தையும் மட்டும் நம்பி அதை விட்டால் பகலெல்லாம் பட்டினிதான்.

அபூகதாதா (ரலி) அவர்கள் ஒளுச் செய்ய வைத்திருந்த நீரைப் பூனை நாடி வந்தபோது, அது குடிப்பதற்கு வசதியாகப் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார்கள் என்றும், பூனை அசுத்தமானதன்று, நம்மைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்று நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை எடுத்துரைத்தார்கள் என்றும் அபூதாவூது, திர்மிதீ ஆகிய தொகுப்புகளில் வருகிறது. நம் உலமாக்கள் இதை நீரின் சுத்தம் பற்றிய சட்டத்திற்காக ஓதிக் காட்டுவார்கள். நமக்கோ அந்தச் சாய்த்துப் பிடித்த கைதான் கண்ணில் நிற்கிறது. பூனை பாத்திரத்திற்கு ஏற்றபடி வளையவில்லை. பாத்திரம் பூனைக்கு ஏற்றபடி வளைந்தது. பூனையை அடைத்து வைத்து உணவும் தராமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணின் செய்தியும் நாமறிந்ததே. பெருநாளுக்குக் கடையைப் பூட்டிவிட்டு நான்கு நாள் ஈப்போவுக்கும் பினாங்குக்கும் போகிறவர்கள் சாவியைப் பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்துச் செல்ல வேண்டும். தட்டை மலைபோல் குவித்துவிட்டுப் போவது போதாது.

இப்பொழுது நம் கடையில் வேறொரு பூனை இருக்கிறது. எண்ணெய் டின்கள் இடம் மாறிவிட்டன. அடுப்படிச் சுவரோரம் இரண்டு பால் டின் பெட்டிகளைக் கவிழ்த்து, மேலே பலகை போட்டு, அதன் மேல் தட்டு வைத்திருக்கிறோம். அங்கிருந்து முன்வாசலும் தெரியும், பெட்டியடியும் தெரியும். முதல் நாள் முகர்ந்து பார்த்துவிட்டு இறங்கிவிட்டது. மறுநாள் தின்றது. மூன்றாம் நாள் தின்று முடித்தபின் அங்கேயே படுத்துறங்கியது.